கரி அணைவதற்குள்

அப்பா ஃப்ரிட்ஜைத் திறந்தது மோருக்காகத்தான். ஆனால் அன்று காலை மோர்ச் சட்டிக்கு முன்னால் வெள்ளைத் தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. முந்தின நாள் வேலை முடிந்து வரும் வழியில் நான்தான் வாங்கி வந்தேன். கீரைக்கட்டுக்குப் பின்னால் மறைத்து வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஒளித்து வைத்து அவர் கண்டுபிடித்தால் இன்னும் கேவலம் என்று மேல் தட்டிலேயே வைத்துவிட்டேன். பொட்டலத்தின் மீது கசாப்புக் கடைக்காரர் ஒட்டிய சீட்டு இருந்தது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும்.

"இது என்னடா?"

"மாட்டுக்கறிப்பா. இன்னைக்கு உங்க மருமகளோட அப்பா நினைவு நாள்னு சொன்னேன்ல? படையலுக்கு."

அவர் மோரை எடுக்காமலே கதவை மூடினார்.

"அவங்க சாப்பிடுவாங்க. அது அவங்க பழக்கம், அதுல நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல." என் பக்கம் திரும்பினார். "நீயும் திங்கிறியா?"

இந்தக் கேள்வியை எத்தனையோ வருடங்களாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் வரும் என்று நினைத்தேன், விமான நிலையத்திலிருந்து காரில் வரும்போது வரும் என்று நினைத்தேன். சமையலறையில், பல் துலக்கிய ஈரம் மீசையில் காயாமல், கையில் காலி டம்ளரோடு நின்று கேட்பார் என்று நினைக்கவில்லை.

"ஆமாப்பா" என்றேன்.

அவர் டம்ளரை மேடையில் வைத்தார். திட்டவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிக் கீழே போய்விட்டார். அவருடைய அறைக்கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

என் கல்யாணத்துக்கு அப்பா வரவில்லை. ஆக்லாந்தில் ஒரு பதிவு அலுவலகத்தில், நான்கைந்து நண்பர்கள் முன்னிலையில் நடந்த கல்யாணம் அது. மனைவி வியட்நாமைச் சேர்ந்தவள். சின்ன வயதிலேயே பெற்றோருடன் இங்கே வந்துவிட்டவள். அம்மா இருந்தவரை அம்மாதான் எங்களோடு போனில் பேசுவார். அப்பா பின்னாலிருந்து ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுவார். அம்மா போன பிறகு அவரைத் தனியாக விட மனமில்லாமல் விசா எடுத்து வரவழைத்தேன். அந்தக் குளிர்காலத்தில்தான் மருமகளை முதல் முறையாக நேரில் பார்த்தார். அவர் வந்த நாளிலிருந்து வீட்டில் கறி சமைக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டதல்ல, அவளாகவே நிறுத்திக்கொண்டாள். பருப்பும் பொரியலும் செய்யக் கற்றுக்கொண்டாள். அப்பா சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்பார். அதற்கு மேல் அவர்கள் இருவருக்கும் நடுவில் பேச்சு ஓடியதில்லை.

மாமனாரின் நினைவு நாள் படையலை எப்போதும் பாபகூராவில், மாமியார் வீட்டில்தான் வைப்பார்கள். அந்த முறை மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டிருந்தார். ஆகவே படையல் ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்கு வந்தது. படையலில் மற்றது எது குறைந்தாலும் ஒன்று மட்டும் குறையக்கூடாது. இலையில் சுருட்டிக் கரியில் சுட்ட மாட்டுக்கறி. மாமனார் உயிரோடு இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே உட்கார்ந்து சுட்டுத் தந்த பண்டம்.

பதினோரு மணி வாக்கில் நான் மாமியாரை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வந்தேன். கட்டுப்போட்ட கையால் ஒரு பிளாஸ்டிக் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். அதில் லா லோட் இலை. பார்த்தால் நம்முடைய வெற்றிலையேதான், அதே நெஞ்சு வடிவம், அதே நரம்போட்டம். ஆனால் மெல்லியது. சுட்டால் ஒரு மிளகு வாசனை கிளம்பும். பாபகூராவில் விழுந்த உறைபனியில் அவர் தொட்டிச் செடி பாதி கருகிவிட்டது. பையைக் கவிழ்த்துப் பார்த்தபோது பாதிக் கறிக்குக்கூட அந்த இலைகள் காணாது என்று தெரிந்தது.

மனைவி பின்வேலியை ஒட்டி வளர்ந்திருந்த கவாகவா செடியிலிருந்து ஒரு கை இலை பறித்து வந்தாள். இந்த ஊர்க் காட்டுச் செடி. அதுவும் வெற்றிலை வம்சம்தான். பூச்சி கடித்து ஓட்டை விழுந்த இலைதான் நல்ல இலை என்று இங்கே சொல்வார்கள். மாமியார் ஒன்றைக் கிள்ளி முகர்ந்தார். மென்று பார்த்துத் துப்பினார்.

"கசின்" என்றார் ஆங்கிலத்தில். அரைமனதான சம்மதம்.

கறியை மனைவி பிசைந்தாள். நறுக்கிய எலுமிச்சைப் புல், பூண்டு, சின்ன வெங்காயம், மீன் சாஸ், கொஞ்சம் சர்க்கரை, மிளகு. கடைசியாக மாமியார் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். கறி மசாலாப் பொடி. சைகோன் பக்கத்தில் இதற்கு இந்தியப் பொடி போடுவதுதான் வழக்கமாம். மூடியைத் திறந்ததும் மல்லியும் மஞ்சளும் சேர்ந்த வாசனை சமையலறை முழுக்கப் பரவியது. வேறொரு நாளாக இருந்தால் அப்பாவைக் கூப்பிட்டு முகரச் சொல்லியிருப்பேன்.

பின்பக்கப் புல்வெளியில் அடுப்பை வைப்பதாகத்தான் திட்டம். மாமனாருடைய இரும்புக் கரியடுப்பு, ஒரு ஷூ பெட்டி அளவு. அடுப்பைத் தூக்கி வெளியே வைத்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஆக்லாந்து மழைக்கு மேலிருந்து கீழே விழத் தெரியாது, காற்றோடு சேர்ந்து குறுக்காக அடிக்கும்.

"மேலே டெக்கில் காஸ் பார்பிக்யூ இருக்கு. குடை பிடிச்சுக்கிட்டு அதில் சுட்டுடலாமே" என்றேன்.

மனைவியும் நானும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். அதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"இன்றைக்கு மட்டும் காஸ் வேண்டாம்" என்றாள். "அம்மா அழுதுவிடுவாள்."

அதனால் அடுப்பை கராஜுக்குள் கொண்டுபோனோம். எங்கள் வீடு சரிவில் கட்டியது. கீழ்த்தளத்தில் கராஜும், அதை ஒட்டி ஒரே ஓர் அறையும். மேலே சமையலறை, கூடம், படுக்கையறைகள், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தளமாக டெக். அந்தக் கீழ் அறைதான் அப்பாவுடையது. தனிக் குளியலறை இருக்கிறது, இரவில் படி ஏற வேண்டாம் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். கராஜுக்கும் அவர் அறைக்கும் நடுவில் ஒரு மெல்லிய பலகைச் சுவர், ஒரு மெல்லிய கதவு.

காரை வெளியே எடுத்துவிட்டு, ஷட்டரைப் பாதி தூக்கி வைத்து, அதன் அருகில் அடுப்பைப் பற்றவைத்தேன். சாரல் உள்ளே அடித்ததால் ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கினேன். மாமியார் வாசல் ஓரமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்து, இடது கையில் அட்டை ஒன்றைப் பிடித்துக் கரியை விசிறினார். நானும் மனைவியும் மடக்கு மேசையில் இலை சுருட்டினோம். இலையின் பளபளப்பான பக்கம் வெளியே தெரிய வேண்டும். சுண்டு விரல் அளவு கறியை வைத்து இறுக்கமாக உருட்டி, காம்பாலேயே குத்தி முடிக்க வேண்டும். அப்போதுதான் நெருப்பில் பிரியாது. நான் சுருட்டியவை பாதி பிரிந்தன. மாமியார் ஒன்றும் சொல்லாமல் அவற்றை எடுத்து மேசைக்கே திருப்பி அனுப்பினார்.

சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் கைபேசியில் பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சு தெளிவாகக் கேட்கவில்லை. கூட்டத்தின் சிரிப்பும் கைதட்டலும் மட்டும் கேட்டன. திடீரென்று சத்தம் கூடியது. யாரோ வேண்டுமென்றே கூட்டி வைத்த மாதிரி.

மனைவி நிமிர்ந்தாள். "மாமா கோபமா இருக்கிறாரா?"

காலையில் நடந்ததைச் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"இன்றைக்கா சொன்னாய்?"

"கேட்டார். பொய் சொல்லச் சொல்கிறாயா?"

"வருஷக்கணக்காகச் சொல்லவில்லை. என் அப்பாவின் நாளில்தான் உனக்கு உண்மை சொல்லத் தோன்றியதா?" குரலை உயர்த்தவில்லை, ஆனால் இலை அவள் கையில் கிழிந்தது. "இனி இந்த வீட்டில் என் அப்பா பெயரைச் சொன்னாலே அவருக்கு இதுதான் ஞாபகம் வரும்."

நான் இன்னொரு இலையை எடுத்தேன். சுவருக்குப் பின்னால் சத்தம் இன்னும் கூடியது, கூட்டம் மறுபடி சிரித்தது. எங்கள் இருவர் குரலிலும் இருந்ததை மொழி புரியாமலே புரிந்துகொண்ட மாமியார், மகளிடம் வியட்நாம் மொழியில் ஏதோ கேட்டார். அவள் சுருக்கமாக ஏதோ சொன்னாள். மாமியார் சுவரைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். பிறகு என்னிடம், "ஃபாதர் ஆங்ரி? வீ கோ பாபகூரா?" என்றார்.

"இல்ல மா. இங்கதான்" என்றேன். 'மா' என்றால் அவர்கள் மொழியிலும் அம்மாதான்.

கொழுப்பு சொட்டிச் சொட்டித் தீ எழும்பியது. முதல் வரிசை கருகிவிட்டது, அதற்கு அம்மாவும் மகளும் சண்டை போட்டார்கள். இரண்டாவது வரிசையிலிருந்து சரியாக வந்தது. இலை சுருங்கிக் கரும்பச்சையாகி, ஓரத்தில் லேசாக மொறுமொறுத்து, கொழுப்பு மினுங்கியது. எனக்கு நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று வலித்தது. வலிக்காமல் என்ன செய்யும், இப்படி ஒரு நாளில், என்று நினைத்துக்கொண்டேன். மனைவியும் ஒரு தடவை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நிற்க முடியவில்லை, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை" என்றாள்.

படையலுக்குத் தேவையானது சேர்ந்ததும் தட்டங்களை மேலே கொண்டுபோனோம். கொஞ்சம் கறி மீதி இருந்தது. கும்பிட்டு முடித்தபின் சுடச்சுட இன்னொரு வரிசை போடலாம், கரி அப்படியே இருக்கட்டும் என்றார் மாமியார். ஷட்டருக்கு அடியில் மழைத் தண்ணீர் ஓடி வந்துகொண்டிருந்தது. நான் ஷட்டரைத் தரை வரைக்கும் இறக்கிவிட்டுப் படியேறினேன்.

கூடத்தில் ஒரு சிறு மேசையில் மாமனாரின் படம். அதன் முன்னால் பூ, வாழைப்பழம், கிண்ணங்களில் சோறு, சேமியா போன்ற அரிசி நூடுல்ஸ், கீரை வகைகள், நடுவில் அந்தத் தட்டம். மேலே வெங்காயத்தாள் தாளித்த எண்ணெயும் பொடித்த நிலக்கடலையும் தூவியிருந்தது. மாமியார் ஊதுபத்தி ஏற்றி, ஒற்றைக் கையால் கும்பிட்டு, கணவரோடு வெகுநேரம் முணுமுணுத்துப் பேசினார். ஊதுபத்தி எரிந்து முடியும்வரை யாரும் சாப்பிடக்கூடாது. இறந்தவர் சாப்பிடும் நேரம் அது.

நாங்கள் சோபாவில் காத்திருந்தோம். மேலே வந்ததும் என் தலைவலி லேசாகக் குறைந்தது போல இருந்தது. பட்டிமன்றம் இங்கே வரைக்கும் மெல்லியதாகக் கேட்டது.

மனைவி எழுந்து சமையலறைக்குப் போனாள். அப்பாவுக்காகப் புதிதாக வாங்கிய ஒரு சட்டியில், கறி படாமல், டோஃபுவை எலுமிச்சைப் புல்லோடு வறுத்து வைத்திருந்தாள். பருப்பும் இருந்தது. ஒரு தட்டில் சோறு போட்டு அவற்றை வைத்தாள்.

"நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்" என்றாள்.

"விடு. இப்போ போனா இன்னும் மோசமாகும். கோபம் தணிஞ்சா அவரே மேல வருவார்."

"மணி இரண்டாகப் போகிறது. வயசானவர் சாப்பிடவில்லை."

"அவரை எனக்குத் தெரியும். விட்டுரு."

"எனக்குத் தெரியாது. அதனால்தான் போகிறேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு படியிறங்கினாள்.

அவள் கதவைத் தட்டியது கேட்டது. "மாமா, சாப்பாடு" என்றாள், அவளுக்குத் தெரிந்த தமிழில். பதில் இல்லை. மறுபடி தட்டினாள். "மாமா?" நான் சோபாவில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். கதவு திறக்கும் சத்தம். பிறகு தட்டு கீழே விழுந்து உருண்டது. அவள் என் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

நான் எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியவில்லை. அப்பா கட்டிலில் பாதியும் தரையில் பாதியுமாகச் சரிந்து கிடந்தார். சட்டையில் வாந்தி. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. தலையணையில் கிடந்த கைபேசியில் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது.

"அப்பா! அப்பா, என்னப்பா பண்ணுது?"

"பஸ் வந்துருச்சா?" என்றார். நாக்கு குழறியது. "பைய எடுத்துக்கோ."

பக்கவாதம் என்றுதான் நினைத்தேன். அவர் கேள்வியும் என் பதிலும்தான் அவரை அடித்துப் போட்டுவிட்டன என்று நினைத்தேன். மனைவி அவசர உதவிக்கு அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள். ஒரு பெண் குரல் நிதானமாகக் கேள்வி கேட்டது. மூச்சு விடுகிறாரா? பேசுகிறாரா? கைகளைத் தூக்க முடிகிறதா? தூக்கச் சொன்னேன், இரண்டு கையையும் கொஞ்சம் தூக்கினார். முகம் கோணவில்லை.

"வீட்டில் வேறு யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று அந்தக் குரல் கேட்டது.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன் மனைவியைப் பார்த்தேன். அவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள், முகம் வெளிறியிருந்தது. என் நெற்றி மறுபடி தெறித்தது.

"எனக்குத் தலைவலி" என்றேன். "அவளுக்கு மயக்கமாக இருக்கிறது."

"வீட்டுக்குள் எதையாவது எரிக்கிறீர்களா? அடுப்பு, ஹீட்டர், கரி?"

கரி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், மூடிய ஷட்டருக்குப் பின்னால், செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்த அடுப்பு.

"எல்லாரும் உடனே வெளியே போங்கள்" என்றது குரல். "இப்போதே. கராஜ் வழியாகப் போகாதீர்கள்."

அப்பாவின் அறையிலிருந்து பக்கவாட்டு நடைபாதைக்கு ஒரு கதவு உண்டு. இழுத்தேன், பூட்டியிருந்தது. பூட்டில் சாவி இல்லை. திருட்டுப் பயத்தில் அப்பா அதைத் தினமும் எடுத்து எங்கோ வைப்பார். எங்கே என்று நான் கேட்டதே இல்லை. தலையணைக்கு அடியில் இல்லை. மேசை டிராயரில் இல்லை. "அப்பா, சாவி எங்கப்பா? சாவி!" என்று அவர் முகத்துக்கு நேராகக் கத்தினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மனைவி ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். மழை உள்ளே அடித்தது. பிறகு கொக்கியில் தொங்கிய அப்பாவின் சட்டையை இழுத்து அதன் பையில் கைவிட்டாள். சாவி அங்கே இருந்தது. தினமும் அந்தச் சட்டைகளைத் துவைத்து மடிப்பவள் அவள்தான்.

நான் அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன், அவள் காலைப் பிடித்தாள். டெக்குக்கு அடியில், மழை படாத இடத்தில், ஈரச் சிமெண்டில் கிடத்தினோம். அப்போதுதான் அவள் நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

"அம்மா!"

மாமியார் மேலேயே இருந்தார். அவள் ஓடினாள். மேலேயிருந்து இரண்டு குரல்கள் கேட்டன, ஒன்று கெஞ்சுவதும் ஒன்று மறுப்பதும். ஊதுபத்தி இன்னும் முடியவில்லை, படையலைப் பாதியில் விட்டு எழுந்து வரமுடியாது என்கிறார் மாமியார். எனக்கு மொழி தெரியாது, இருந்தாலும் அதுதான் என்று தெரிந்தது. நான் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "கூட்டிட்டு வா, தூக்கிட்டாவது வா!" என்று தமிழிலேயே கத்தினேன். கடைசியில் முன்வாசல் கதவு படாரென்று திறந்தது. மாமியார் செருப்பில்லாமல், மாவுக்கட்டுக் கையில் மாமனாரின் படத்தை அணைத்துக்கொண்டு மழையில் வந்தார்.

ஆம்புலன்ஸ் வந்தது, பின்னாலேயே தீயணைப்பு வண்டியும். அப்பாவின் விரலில் மாட்டிய கருவி எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டியது. "கரியிலிருந்து வரும் விஷவாயுவுக்கு இது ஏமாந்துபோகும், இதை நம்பக்கூடாது" என்று சொல்லி, ஆம்புலன்ஸ் பெண் உடனே முகமூடியை வைத்து ஆக்சிஜனைத் திறந்தாள். தீயணைப்பு வீரர் ஒருவர் கையளவு கருவியோடு அப்பாவின் அறைக்குள் கால் வைத்ததும் அது கீச்சிட ஆரம்பித்தது. கராஜ் கதவருகே போனபோது அந்தக் கீச்சல் ஒரே ஓலமாக மாறியது. கண்ணுக்குத் தெரியாத, வாசனை இல்லாத ஒன்று அங்கே நிறைந்திருந்தது என்பதற்கு அந்தச் சத்தம் மட்டுமே சாட்சி. இரும்பு அடுப்பைத் தூக்கிவந்து புல்வெளியில் வைத்தார்கள். மழை அதன் மேல் விழுந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. கரி அணைய வெகுநேரம் பிடித்தது.

மருத்துவமனையில் எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்குப் பரவாயில்லை. மனைவிக்குக் கொஞ்ச நேரம் ஆக்சிஜன் வைத்தார்கள். மாமியார் காற்று வரும் வாசலருகே உட்கார்ந்திருந்ததால் அவருக்கு ஒன்றுமில்லை என்று ஆம்புலன்ஸ்காரர்களே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். அவர் பக்கத்து வீட்டில் இருந்தார். அப்பாவைப் பற்றி மருத்துவர் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. இதயத்தைப் பார்க்க வேண்டும், மூளைக்கு ஏதும் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், காத்திருங்கள் என்றார். காத்திருந்தோம். அப்பா கண்ணை மூடியிருந்தார். முகமூடியில் மூச்சு பனித்துப் பனித்து மறைந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி அவர் காலடியில் உட்கார்ந்து போர்வையின் ஓரத்தை விரலால் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

நாலு மணிக்கு மேல் அவர் கண் திறந்தார். என்னைப் பார்த்தார். இந்த முறை உண்மையாகவே பார்த்தார். முகமூடியைத் தள்ள முயன்றார்.

"என்னப்பா? பேசாதீங்க."

"என்னாச்சு?"

சொன்னேன். கரி, கராஜ், காற்று. அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"தலை சுத்துச்சு. எந்திரிக்கலாம்னு பாத்தேன், கால் வரல. கூப்பிட்டேன். யாருக்கும் கேக்கல போல." அப்புறம், "நீங்க சண்ட போட்டுக்கிட்டு இருந்தது கேட்டுச்சு. எதுக்கு கேக்கணும்னுதான் சத்தத்தக் கூட்டி வச்சேன்" என்றார்.

அவர் தலையைத் திருப்பி மனைவியைத் தேடினார். அவள் எழுந்து பக்கத்தில் வந்தாள்.

"திதி முடிஞ்சுதா?" என்றார் அவளிடம்.

அவளுக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"ஊதுபத்தி எரிஞ்சு முடியறதுக்குள்ள இப்படி ஆயிடுச்சுப்பா. யாரும் சாப்பிடல."

அப்பா முகம் சுருங்கியது. காலையில் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்றபோதுகூட அப்படிச் சுருங்கவில்லை.

"அவங்கம்மா எங்க?"

"பக்கத்து வீட்டுல. படத்தத் தூக்கிக்கிட்டு மழையிலயே வந்துட்டாங்க."

"தனியாவா? மழையில, செத்தவரு படத்தக் கையில வச்சுக்கிட்டா?" முகமூடிக்குள்ளிருந்து குரல் எழுந்தது. "நீ இங்க இரு. அந்தப் பொண்ண அனுப்பு. பொழுது சாயறதுக்குள்ள முடிக்கச் சொல்லு. போம்மா. உங்கப்பாவுக்கு நீதான செய்யணும். போ, கோ, கோ."

கடைசி இரண்டு சொல்லும் அவளுக்குப் புரிந்தன. அவள் அழுதுவிட்டாள். குனிந்து அவர் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அது அவருக்குக் கூச்சமாக இருந்தது என்று மட்டும் தெரிந்தது.

தீயணைப்பு ஆட்கள் வீட்டை எல்லாப் பக்கமும் திறந்துவிட்டு, சோதித்து, உள்ளே போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். இருட்டுவதற்கு முன் அவளும் மாமியாரும் படத்தை மறுபடி மேசையில் வைத்துப் புதிய ஊதுபத்தி ஏற்றினார்கள். சோறு ஆறிப்போயிருந்தது, அதை மட்டும் சூடாக்கினார்களாம். படையலைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள்.

அப்பா கைபேசியை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஆளு நல்லா வாட்டசாட்டமா இருக்காரு" என்றார். பிறகு விரலால் தட்டத்தைக் காட்டினார். "இதுவா அது?"

"ஆமாப்பா."

"வெத்தலையில சுத்துன மாதிரி இருக்கு."

"அந்த வகைதான்."

"ம்" என்றார். கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் மாலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஞாபகத்துக்கு ஒன்றும் கெடுதல் இல்லை என்பதைப் பிறகு இரண்டு முறை வரவழைத்துச் சோதித்துச் சொன்னார்கள். மாமியார் வந்து அப்பாவுக்கு முன்னால் நின்று, கரியை விட்டுவைக்கச் சொன்னது தான்தான் என்று உடைந்த ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா அதைவிட உடைந்த ஆங்கிலத்தில், "நோ, நோ, ரெயின், ரெயின்" என்று பழியை மழையின் மேல் போட்டார்.

அவர் மாறிவிட்டார் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நான் என்ன சாப்பிடுகிறேன் என்பதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் ஊருக்குத் திரும்பும்வரை அந்த வீட்டில் மாட்டுக்கறி சமைக்கவில்லை. அது எங்களுக்குள் பேசித் தீராத விஷயமாகவே இருக்கிறது. இன்னொரு நினைவு நாள் வரும்போது அவர் இங்கே இருந்தால் என்ன செய்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அப்பாவின் படுக்கையை மேலே, எங்கள் அறைக்கு எதிர் அறைக்கு மாற்றினோம். அந்த வாயுவைக் கண்டுபிடிக்கும் எச்சரிக்கை மணி வாங்கி ஒவ்வொரு தளத்திலும் மாட்டினேன். அவருக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. காலையில் எழுந்ததும் வீட்டிலுள்ள அத்தனை ஜன்னலையும் திறந்துவிடுவார். ஹீட்டர் ஒரு பக்கம் ஓடும், வெளியிலிருந்து ஈரக்குளிர் மறுபக்கம் வந்து அறையும். மனைவி பின்னாலேயே போய் ஒவ்வொன்றாகச் சாத்துவாள்.

"மாமா, குளிர்" என்பாள்.

"குளிரட்டும்மா" என்பார் அவர், மறுபடி திறந்துகொண்டே. "ஸ்வெட்டர் போட்டுக்க."

அவள் போய் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து, திரும்பவும் சாத்துவாள். அவர்கள் இருவரும் அவ்வளவு பேசிக்கொண்டு நான் அதற்கு முன் கேட்டதில்லை.